நாய்க்குச் சிறுநீர் கசிகிறதா? மூலிகை மருந்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் படுத்த இடமெல்லாம் ஈரமானால் முதலில் வருவது யோசனைதான்: "நெருஞ்சில் கஷாயம் கொடுங்கள்", "பார்லித் தண்ணீர் கொடுங்கள்", "எள்ளுருண்டை கொடுத்துப் பாருங்கள்". சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இவற்றில் பலவும் சிறுநீரை வெளியேற்றுவதற்கான மருந்துகள். கசியும் நாய்க்கு வேண்டியது நேர் எதிரானது. கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி இந்த ஒரு முரணைச் சுற்றியே வரும்.

தூங்கி எழுந்த இடத்தில் வட்டமாக ஈரம் இருக்கிறது. வேண்டுமென்றே செய்கிறதா?

இல்லை. அதற்குத் தெரிந்தே நடப்பதில்லை. நடக்கும்போதும் விளையாடும்போதும் கட்டுப்பாடு சரியாகவே இருக்கும். வெளியே கூட்டிச் சென்றால் வழக்கம்போலக் குந்தி நன்றாகவே போகும். படுத்து உடல் தளர்ந்த பிறகுதான் கசியும். எழுந்ததும் பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும், பின்னங்கால் முடி ஒட்டிக்கொண்டிருக்கும். திட்டினால் பயந்து மறைவான இடத்தில் போய்ப் படுக்கும். உங்களுக்குச் சுத்தம் செய்யும் வேலைதான் கூடும்.

கருத்தடை அறுவை செய்த பெட்டை நாய்களில் இது மிகவும் சகஜம். சில ஆய்வுகளில் ஐந்தில் ஒன்று வரை பாதிக்கப்பட்டிருக்கிறது. சிறுநீர்ப்பையின் வாயை மூடிவைக்கும் சுருக்குத் தசையின் இறுக்கத்துக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் துணை செய்கிறது. கருவகத்தை எடுத்தபின் அந்தத் துணை போய்விடுகிறது. அறுவை முடிந்து சில மாதங்களிலும் தொடங்கலாம், பல ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள நாய்களுக்கு வாய்ப்பு அதிகம். டாபர்மேன், பாக்ஸர், ராட்வைலர் வகைகள் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. உடல் பருத்த நாய்க்கு இன்னும் மோசம்.

எல்லாக் கசிவும் இந்தக் காரணத்தால்தானா?

அல்லவே அல்ல. மூலிகையோ மாத்திரையோ, எதைத் தொடுவதற்கு முன்பும் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

முதலில், நாய் குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். காலையில் ஒரு லிட்டர் அளந்து ஊற்றுங்கள், தீரத் தீர அளந்தே ஊற்றுங்கள், மறுநாள் காலையில் மீதியைக் கழியுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிக் குறித்தால் போதும். ஒரு நாளில் கிலோ எடைக்கு 100 மில்லியைத் தாண்டினால் அது அளவுக்கு மீறிய தாகம். இருபது கிலோ நாய் தினமும் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்தால், அக்கினி நட்சத்திர வெயில் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிடக் கூடாது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, அட்ரீனல் சுரப்பி மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன. அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து வந்தாலும் இதே நிலை வரும். இந்த நாய்களுக்குச் சுருக்குத் தசை பழுதாகவில்லை. பை கொள்ளாமல் வழிகிறது, அவ்வளவுதான்.

சிறுநீர் காய்ந்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்றும் பாருங்கள். மொய்த்தால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது. மொய்க்கவில்லை என்பதால் சர்க்கரை நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடிக்கடி குந்திக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், நாற்றம் மாறியிருந்தால், நிறம் கலங்கியோ சிவந்தோ இருந்தால் கிருமித் தொற்று அல்லது கல். குட்டியாக வாங்கி வந்த நாளிலிருந்தே சொட்டிக்கொண்டிருந்தால் பிறவிக் கோளாறு. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பையில் சேராமல் அதைத் தாண்டித் திறந்திருக்கும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி குட்டிகளில் இது பதிவாகியிருக்கிறது. இதற்கு அறுவைதான் வழி. பின்னங்கால் இழுபட்டு நடந்தாலோ, மலமும் தன்னையறியாமல் வந்தாலோ முதுகுத் தண்டைப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து ஆள் வந்ததும் குனிந்து வளைந்து சொட்டுவிடும் இளம் நாய்க்கு நோய் எதுவும் இல்லை. அது பணிவு காட்டுகிறது, வளர வளரச் சரியாகிவிடும்.

இரண்டு நிலைகளில் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. ஒன்று, முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வராமல் இருப்பது. குறிப்பாக ஆண் நாய்களில் கல் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். இன்னொன்று, கருத்தடை செய்யாத பெட்டை சூட்டுக்கு வந்து சில வாரங்களில் சோர்ந்து போய், தண்ணீராகக் குடித்து, பின்பக்கம் ஈரமாக இருப்பது. அது கருப்பையில் சீழ் கட்டியதாக இருக்கலாம். அந்த ஈரத்தைச் சிறுநீர் என்று நினைத்து வீட்டிலேயே கஷாயம் போட்டுக்கொண்டிருப்பது ஆபத்து.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

காலையில் முதலில் போகும் சிறுநீர். நீளக் காம்புள்ள கரண்டி ஒன்றைக் கழுவி நன்றாகக் காயவைத்துக்கொள்ளுங்கள். நாய் குந்திப் போகத் தொடங்கியபின் பக்கவாட்டிலிருந்து கரண்டியை நீட்டுங்கள். முன்கூட்டியே நீட்டினால் எழுந்து ஓடிவிடும். சுத்தமான டப்பாவில் ஊற்றி ஓரிரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள், தாமதமானால் குளிர்பெட்டியில் வையுங்கள். அதன் அடர்த்தியைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். கிருமி வளர்ப்புச் சோதனை தேவைப்பட்டால் மருத்துவரே ஊசி வழியாகப் பையிலிருந்து எடுப்பார். படுக்கையில் இருக்கும் ஈரத்தையும் நாய் நடக்கும் விதத்தையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனால் நீளமாக விவரிக்கும் வேலை மிச்சம்.

நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை கொடுக்கலாமா? சிறுநீர்க் கோளாறுக்கு இவைதானே நம் மருந்து?

நீர்ச்சுருக்குக்கும் கல்லடைப்புக்கும் இவை நம் மருந்துகள்தான், அதில் சண்டை இல்லை. நீர்முள்ளியையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். சித்த மருத்துவத்தில் இவற்றுக்கு உள்ள பெயரே நீர்பெருக்கி. இறங்காத சிறுநீரை இறக்குவதும் அளவைக் கூட்டுவதும்தான் இவற்றின் வேலை. கசியும் நாய்க்கு சிறுநீர் தாராளமாகவே இறங்குகிறது, மூடி மட்டும்தான் தளர்ந்திருக்கிறது. குழாயில் வாஷர் தேய்ந்து சொட்டும்போது மேல்தொட்டியை நிரப்பிக்கொண்டே இருப்பதுபோல ஆகிவிடும். நெருஞ்சில் கஷாயம் கொடுத்த மறுநாள் பாய் இன்னும் நனைந்தது என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளில்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

செடி என்பதாலேயே விலங்குக்குக் கெடுதல் செய்யாது என்றும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் நெருஞ்சிலை அளவுக்கு மீறி மேய்ந்த செம்மறி ஆடுகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்டதும் முகமும் காதும் வீங்கிப் புண்ணாகும் நோய் வருகிறது. மேயும் ஆட்டின் கதை வேறு, ஒரு கரண்டி கஷாயம் குடிக்கும் நாயின் கதை வேறுதான். ஆனாலும் அந்தச் செடிக்குள் வீரியமான சரக்கு இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு, மக்காச்சோள நார்?

மேலே சொன்னதேதான், வீரியம் மட்டும் குறைவு. மக்காச்சோளக் கதிரில் தொங்கும் பட்டுப்போன்ற நார், மேலை நாடுகளில் விற்கும் நாய்க் கசிவு மூலிகைக் கலவைகள் பலவற்றில் முக்கியச் சரக்கு. எரிச்சலுற்ற சிறுநீர்ப் பாதைக்கு இதமளிக்கும் என்பது அங்குள்ள மரபு வைத்தியம். லேசாகச் சிறுநீரைப் பெருக்கவும் செய்யும். தொற்றுக்கு மருத்துவர் தரும் மருந்தோடு ஆறுதலாகக் கொடுக்கலாம். தூக்கத்தில் சொட்டுவதை நிறுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் கலவைகள் சிலவற்றில் குதிரைவால் புல் (ஹார்ஸ்டெயில்) என்ற செடியும் சேர்ந்திருக்கும். அதில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருப்பதால் நாள்கணக்கில் கொடுக்கத் தக்கதல்ல.

படுக்கையில் போகும் குழந்தைகளுக்கு எள்ளுருண்டை கொடுப்போமே, நாய்க்கு?

ஒரு சிட்டிகை எள்ளால் நாய்க்கு ஒன்றும் ஆகாது. கசிவும் நிற்காது. குழந்தை வளர வளரத் தானாகவே நின்றுவிடும், பெயர் எள்ளுருண்டைக்கு. வளர்ந்து முடிந்த நாய்க்கு அந்த வசதி இல்லை. வெல்லத்தால் எடை கூடி, கசிவும் கூடும்.

ஹார்மோன் குறைவுதான் காரணம் என்றால், தண்ணீர்விட்டான் கிழங்கு, சோயா போன்றவை ஈடுகட்டாதா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த எண்ணத்தில்தான் மேலை நாட்டுக் கலவைகளில் காட்டுக் கிழங்கு ஒன்றையும் சேர்க்கிறார்கள். அதில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் உண்டு. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவில் விளையும் கிழங்கிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் படிப்படியாக மாற்றி புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனைத் தயாரித்தார். இது பெரிய சாதனை. ஆனால் அந்த மாற்றம் குடுவையில் நடந்தது. நாயின் வயிற்றிலோ மனிதனின் வயிற்றிலோ அது நடக்காது. கிழங்கைத் தின்றால் கிழங்கு மட்டுமே உள்ளே போகிறது.

தண்ணீர்விட்டான் கிழங்கு பெண்களுக்கான மருந்துகளில் புகழ்பெற்றது, பால் சுரக்கவும் கொடுக்கிறோம். நாயின் சுருக்குத் தசையை அது இறுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சோயாவில் தாவர ஈஸ்ட்ரோஜன் உண்டு என்பது உண்மை. கசிவை நிறுத்துமளவுக்கு அது போதும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. வயிற்றில் வாயு மட்டும் நிச்சயம்.

அப்படியானால் உண்மையிலேயே அந்தத் தசையை இறுக்கும் மூலிகை ஒன்றுகூட இல்லையா?

ஒன்று இருக்கிறது. நாய்க்குக் கொடுக்கவே கூடாத மூலிகையும் அதுதான்.

எஃபிட்ரா என்ற செடி, சீன மருத்துவத்தில் மா ஹுவாங். இமயமலைப் பகுதியில் விளையும் அதன் இனம் ஒன்று சோமலதா என்ற பெயரில் விற்பனையாகிறது. அதிலுள்ள எஃபிட்ரின் சுருக்குத் தசையை இறுக்கும். நாய்க் கசிவுக்கு இன்று மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபீனைல்புரோப்பனோலமைன் அதற்கு நெருங்கிய உறவுமுறை. வேறுபாடு அளவில் இருக்கிறது. மாத்திரையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது அச்சிட்டிருக்கும். செடியிலோ அந்த அளவு, அது விளைந்த மண்ணையும் பறித்த காலத்தையும் பொறுத்து மாறும். அளவு மீறினால் நாய்க்குப் படபடப்பு, நடுக்கம், காய்ச்சல், வலிப்பு வரும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும். 1997 முதல் 1999 வரை, மா ஹுவாங்கும் காஃபின் நிறைந்த குவாரானாவும் கலந்த மூலிகை மருந்தைத் தின்ற 47 நாய்களின் விவரத்தை அமெரிக்காவில் தொகுத்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு நஞ்சின் அறிகுறிகள் தெரிந்தன, சில இறந்தன. மனிதர்களுக்கான எஃபிட்ரா சத்து மருந்துகளையே அமெரிக்கா 2004-ல் தடை செய்துவிட்டது. இணையத்தில் வாங்கும் கலவையின் பட்டியலில் எஃபிட்ரா, மா ஹுவாங், சோமலதா இவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கிரான்பெரி?

இந்தச் சிவப்புப் பழத்தை, கிருமி சிறுநீர்ப்பையின் சுவரில் ஒட்டாமல் தடுக்கும் என்ற எண்ணத்தில் கொடுக்கிறார்கள். தண்டுவட நோயுள்ள நாய்களில் கிரான்பெரிச் சாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கிருமி குறையவில்லை. எப்படியும் அது கசிவுக்கான மருந்தல்ல. மனிதர்களுக்கான கிரான்பெரிப் பொடிகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் கலந்திருக்கலாம். அது நாயின் ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கி உயிருக்கே உலைவைக்கும்.

ஆண் நாய்க்கு சா பால்மெட்டோ நல்லது என்கிறார்களே?

வயதான, காயடிக்காத ஆண் நாய்களுக்குச் சிறுநீர்ப் பாதையைச் சூழ்ந்த புராஸ்டேட் சுரப்பி வீங்குவது உண்மை. சா பால்மெட்டோ என்ற பனைவகைச் செடியின் பழச் சாரத்தை நாய்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-ல் வெளியானது. சுரப்பி சுருங்கவில்லை. காயடித்தால் சில வாரங்களிலேயே சுருங்கத் தொடங்கும்.

மாட்டுக்கு மூலிகை வைத்தியம் பலிக்கிறதே, நாய்க்கு மட்டும் ஏன் தயக்கம்?

மாட்டு மடிநோய்க்குச் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் முறை நம் கிராமங்களில் இன்று பரவலாகப் புழங்குகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மருத்துவப் பணியும் தேசியப் பால்வள வாரியமும் அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன. அளவு எழுதப்பட்டிருக்கிறது, எந்த நோய்க்கு என்று வரையறை இருக்கிறது, பூசுவது வெளியே. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அதன்மேல் நம்பிக்கை வந்தது. நாயின் கசிவுக்கு இப்படி அளந்து பார்த்துத் தேறிய முறை ஒன்றை யாராவது காட்டினால் முதல் ஆளாக வரவேற்பேன். மாட்டின் மடியில் பூசும் அதே கற்றாழையை மடலோடு நாய்க்குத் தின்னக் கொடுத்தால் அதன் மஞ்சள் பால் பேதியைக் கிளப்பிவிடும்.

எதையெல்லாம் கொடுக்கவே கூடாது?

வெங்காயம், பூண்டு எந்த உருவத்திலும் வேண்டாம், ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம் புளியிலும் இருப்பதால் ரசம் ஊற்றிய சோறும் வேண்டாம். அரிஷ்டம், ஆசவம் என்று முடியும் மருந்துகளில் நொதித்து உருவான சாராயச் சத்து இருக்கும். திராட்சாரிஷ்டத்தில் இரண்டு கேடும் சேர்ந்தே இருக்கின்றன. சிறுநீர்க் கோளாறுக்குப் பலரும் தாமே வாங்கிச் சாப்பிடும் சந்திரபிரபா வடியில் இரும்புப் பற்பம் உண்டு, மனிதர் அளவை நாய்க்குக் கொடுப்பது வினை. குழந்தைக்கு உரைமருந்தில் இழைக்கும் ஜாதிக்காயும் வசம்பும் நாய்க்கு ஆகாது.

மருத்துவர் தரும் மாத்திரையை ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டுமா? பக்கவிளைவு வராதா?

பெரும்பாலும் ஆயுள் முழுக்கத்தான். ஃபீனைல்புரோப்பனோலமைன் பெரும்பாலான நாய்களுக்கு நன்றாகக் கேட்கிறது, சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். சில நாய்களுக்குப் பசி குறையும், நிலைகொள்ளாமல் அலையும், ரத்த அழுத்தம் ஏறும். இதய நோய் உள்ள நாய்க்கு யோசித்துத்தான் தருவார்கள். மூளை ரத்தக்கசிவு அபாயம் காரணமாக மனிதர்களுக்கான மருந்துகளிலிருந்து அமெரிக்காவில் 2000-ல் அதை விலக்கச் சொன்னார்கள். நாய்களுக்கு அங்கே இன்றும் தரப்படுகிறது. இன்னொரு வழி எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன். அங்கே 2011-ல் நாய்களுக்கென்றே அனுமதி பெற்றது. தினமும் ஒரு வேளையில் தொடங்கி, கசிவு நின்றபின் எவ்வளவு குறைத்தாலும் நிற்கிறதோ அந்த அளவுக்குக் கொண்டுவருவார்கள். கருத்தடை செய்யாத பெட்டைக்கு இது இல்லை. நம் ஊரில் எது கிடைக்கும், எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக்குக் கேட்காத நாய்களுக்கு ஊசி, அறுவை வழிகளும் இருக்கின்றன.

இவ்வளவும் படித்தபின்னும் மூலிகையை ஒரு முறை முயன்று பார்க்க ஆசை.

பாருங்கள், தடுக்கவில்லை. பரிசோதனை முடிந்து காரணம் தெரிந்த பிறகு. மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு, கலவையாக அல்லாமல் ஒரே ஒரு பொருளாக. உப்புச் சேர்க்காத பூசணி விதைப் பொடியில் ஒரு சிட்டிகையைச் சோற்றில் கலந்தால் கெடுதல் வராது. நாட்காட்டியில் தினமும் குறியுங்கள்: ஈரம் இருந்ததா, உள்ளங்கை அளவா, தட்டு அளவா. இந்தக் கசிவு தானாகவே சில வாரம் குறைந்து பிறகு கூடும் இயல்புடையது. நல்ல வாரத்தில் கொடுத்த மருந்துக்கெல்லாம் புகழ் சேர்ந்துவிடும். ஒரு மாதம் குறித்துப் பார்த்தும் மாற்றமில்லை என்றால் விட்டுவிடுங்கள். வாந்தி, பேதி, சோர்வு வந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். நாய் ஏற்கெனவே வேறு மருந்தில் இருந்தால், குறிப்பாக இதய மருந்தோ நீர் பிரியும் மாத்திரையோ என்றால், இந்தச் சோதனையே வேண்டாம்.

மூலிகைக்குச் செலவிடும் பணத்தையும் பொறுமையையும் எடைக் குறைப்பில் போட்டால் பலன் கண்ணுக்குத் தெரியும். தயிர்சோற்றின் அளவையும் பிஸ்கட்டையும் குறைத்து இரண்டு மூன்று கிலோ இறக்கினாலே சில நாய்களுக்குக் கசிவு கணிசமாகக் குறைகிறது. படுக்கப் போகும் முன் கடைசியாக ஒரு நடை கட்டாயம்.

இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாமா?

கூடாது. சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

கருத்தடை செய்ததே தவறோ?

தவறில்லை. கருப்பைச் சீழும் மார்புக் கட்டியும் கொல்லும் நோய்கள். கசிவு தொல்லை தரும் நோய், மருந்தும் உண்டு. குட்டிக்கு மூன்று மாதம் ஆகும் முன்பே செய்வதைத் தவிர்க்கலாமா, பெரிய இனத்துக்கு எப்போது செய்வது என்பதை மட்டும் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம்.

தோல் சிவந்து புண்ணாகிறது, வீடெல்லாம் நாற்றம். என்ன செய்வது?

சிறுநீர் பட்ட இடத்து முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றி, நன்றாகக் காயவையுங்கள். மெலிதாகத் தேங்காய் எண்ணெய் தடவலாம், நக்கினாலும் கேடில்லை. வேப்பெண்ணெயும் டீ ட்ரீ எண்ணெயும் வேண்டாம். டயப்பர் கட்டினால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மறந்தால் புண் இன்னும் பெரிதாகும். படுக்கைக்கு மேலே துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பும் அடியில் பிளாஸ்டிக் விரிப்பும் போதும். தரையை ஃபினாயில் போட்டுத் துடைக்காதீர்கள், பாதத்தில் ஒட்டியதை நாய் நக்கினால் அது நஞ்சு. அமோனியா கலந்த திரவங்களின் வாடை சிறுநீரை ஒத்திருப்பதால் நாய் அங்கேயே திரும்பப் போகும். வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்தால் வாடை போகும், ஆனால் பளிங்குத் தரையில் கறை விழும் என்பதால் அங்கே சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.